தாமரைக்கு விழுந்த கோடி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தேயிலை பக்டரியின் பெரிய சக்கரத்தைக் காவல் காக்கும் ரோதைமுனியின் மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்காகக் கற்பூரம் அடித்து அணைக்கவும் ஆயத்தம். இன்னும் சந்தேகம் இருந்தால் பதுளையில் மடுல்சீமை பஸ்ஸில் ஏறலாம். பஸ் வந்தால் ஏறலாம். பாதை இடிந்து கிடக்கும் மூன்று இடத்திலும் இறங்கி நடந்து, மறுபடி ஏறி, கடைசியாக மேற்கணக்கு லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். அப்படிக் கேட்கப் போனவர் எவரும் இதுவரை திரும்பி வந்து மறுத்துச் சொன்னதில்லை.

தீபாவளி கழிந்து பத்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை. ஐப்பசி மழை காலையில் பிடித்தது விடவில்லை. ரெங்கம்மா பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு லயத்துக்கு இறங்கும்போது ஐந்து மணி இருக்கும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து அதுவே ஒரு ஆள் பாரம் கனத்தது. இருபது கிலோ கொழுந்தில் ஈரத்துக்கென்று இரண்டைக் கழித்துப் பதினெட்டு என்று போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் காம்புக்கென்று கழிப்பார்கள். வானம் எப்படி இருந்தாலும் கழிவுக்கு ஒரு காரணம் இருந்தது.

அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் அவள் புருசன் சின்னராசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்பு எரியவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த மூன்று வருடத்தில் அவர் ஒழுங்காகச் செய்துவந்த ஒரே வேலை, அவள் வரும் நேரத்துக்கு அடுப்பை மூட்டித் தேத்தண்ணிக்கு உலை வைப்பதுதான். இன்று அதுவும் இல்லை.

"என்னாங்க, மேலுக்கு முடியலையா?"

"தாமரை போயிட்டா."

ரெங்கம்மா காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கி வாசலில் போட்டாள். பிறகு உள்ளே போய் ஈர விறகை ஊதத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது புகையால் வந்தது.

தாமரை மனுஷி இல்லை. நீர்யானை. கொழும்புப் பக்கத்து மிருகக்காட்சிச்சாலை ஒன்றில் சின்னராசா முப்பத்தொரு வருடம் அதற்குப் புல் போட்டு, குளம் கழுவி, பல் பார்த்து வளர்த்தார். அவர் வேலைக்குச் சேரும்போது அதற்கு எட்டு வயது. பெயர்கூட இல்லாமல் ஒரு நம்பரோடு இருந்தது. தண்ணீருக்கு மேலே மூக்கும் கண்ணும் மட்டும் தெரிய மிதந்ததைப் பார்த்து இவர்தான் தாமரை என்று கூப்பிட்டார். பார்க்க வந்தவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகினார்கள்.

வருடத்தில் இரண்டு லீவு. தீபாவளிக்கு நாலு நாள், பொங்கலுக்கு மூன்று நாள். அந்த ஏழு நாளிலும் அவர் வாயில் தாமரையைத் தவிர வேறு பேச்சு வராது. தாமரைக்கு வெட்கம் அதிகம், வேறு ஆம்பிளை வேலைக்கு வந்தால் முகத்தைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்வாள். தாமரை கொட்டாவி விட்ட நேரத்தில் ஒரு குருவி உள்ளே போய்க் கூடு கட்டிவிட்டது, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை அவள் வாயை மூடவில்லை. ஒரு பெருவெள்ளத்தில் குளம் நிரம்பி வழிய, தாமரை வேலியைத் தாண்டி நீந்தி மெயின் ரோட்டுக்கு வந்து, பதுளை பஸ் நிற்கும் தரிப்பிடத்தில் சனத்தோடு சனமாக வரிசையில் நின்றாள். அப்போது சின்னராசா லீவில் ஊரில் இருந்தார். அவரைத் தேடித்தான் புறப்பட்டிருக்கிறாள். நிற்கத்தான் இடம் இருக்கிறது என்று கொண்டக்டர் சொன்னதால் திரும்பிப் போய்விட்டாள். இதைச் சின்னராசாவுக்குச் சொன்னது அந்தக் கொண்டக்டரேதான் என்பதால் நம்பாமல் இருக்க வழியில்லை.

லயம் முழுக்கச் சிரிக்கும். ரெங்கம்மா சிரித்ததில்லை. அவளுக்கு உலகத்தில் எல்லாமே கொழுந்துக் கணக்குத்தான். தாமரையின் எடை இரண்டாயிரம் கிலோ என்றபோது, அது தன்னுடைய நூற்றுப்பதினொரு நாள் கொழுந்து என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோ புல் தின்பாள் என்றபோது, விடியலிலிருந்து தான் குனிந்து நிமிர்ந்து ஆய்வது அவளுக்கு அரை நாள் தீனிக்குக் காணாது என்று தெரிந்துகொண்டாள். மகள் விஜயலெட்சுமி பிறக்கும்போது ரெங்கம்மா கொழுந்து லொறியில் படுத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னராசா வந்து பிள்ளையைப் பார்த்தது நாற்பதாம் நாள். தாமரைக்குப் பல்லில் சீழ் கட்டியிருந்ததாம். அன்றிலிருந்து ரெங்கம்மா அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'அவ' என்பாள். யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு பெட்டியும் ஒரு சோடி ரப்பர் சப்பாத்துமாக வந்து இறங்கினார். அவ கையிலிருந்து ஒரு வழியாக மீண்டுவிட்டார் என்று ரெங்கம்மா நினைத்தாள். அதுவும் முழுக்க இல்லை. லயத்துக்கு மேலே போன் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறை இருக்கிறது. தினமும் மூன்று மணிக்கு அதில் ஏறி நின்று, தன் இடத்துக்கு வேலைக்கு வந்த பண்டாரவளைப் பொடியன் ஸாஹிரோடு பேசுவார். சாப்பிட்டாளா, காதுக்கு மருந்து போட்டாயா என்று கேட்பார். அந்த வியாழக்கிழமை ஸாஹிர் சொன்னது கொஞ்சம்தான். காலையில் தண்ணீரிலிருந்து ஏறவில்லை, வயசாகிவிட்டதுதானே மாமா, அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம். பாறையிலிருந்து இறங்கி வந்தவர் இஸ்தோப்பில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை அவள் ரொட்டி தட்டிக் கட்டச்சம்பல் அரைத்து வைத்துவிட்டுப் போனாள். வந்து பார்த்தால் ரொட்டி அப்படியே விறைத்துக் கிடந்தது. சனிக்கிழமை கருவாட்டுக் குழம்பு. கருவாட்டு வாசத்துக்கு அடுத்த லயத்துப் பூனைகள் வந்தன, அவர் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பலாக்காயை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டு, ஊட்டிவிடக் கையைக் கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீனி போடாத சாயத்தண்ணி மட்டும் ஒரு மிடறு, இரண்டு மிடறு. தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து மருந்துக்காரர் வந்து நாடி பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு போடவேண்டிய மாத்திரை. அது பொட்டலத்தோடு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை சுவரைப் பிடிக்காமல் அவரால் எழும்ப முடியவில்லை. சாரத்தை இறுக்கியிருந்த பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது. ரெங்கம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தொரு வருடம் அவ கொண்டு போனாள். மூன்று வருடம் தன் கையில் கிடைத்தது. மிச்சத்தையும் செத்த பிறகும் கேட்கிறாள். காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக நேரமாகிவிட்டது. முதல் முறையாக அவள் போகவில்லை. படங்கை அவிழ்த்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"இப்பிடியே கெடந்து சாகப் போறீங்களா?"

"சாவு வீட்டுல யாரு புள்ள சாப்புடுவா?"

"எது சாவு வீடு? அடுப்பு எரியுது. தப்பு அடிக்கல. ஒருத்தர் வந்து கையப் புடிக்கல. மலையில சனம் சிரிச்சுக்கிட்டுக் கொழுந்து எடுக்குது. இதுவா சாவு வீடு?"

சின்னராசா அவளை நிமிர்ந்து பார்த்தார். நாலு நாளில் முதல் தடவை.

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

ரெங்கம்மாவுக்கு விளங்கியது. அவர்கள் லயத்தில் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அடக்கம் முடிந்து குளித்துவிட்டு வந்த பிறகு பக்கத்து வீட்டுச் சோறு வரும். மற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, சாப்பிடு என்று அதட்டுவார்கள். அப்போதுதான் சாப்பிடலாம். தொடங்காத சாவு எப்படி முடியும்? முடியாத சாவில் இந்த மனுசன் எப்படிச் சோற்றில் கை வைப்பார்?

அவள் சேலையை உதறிக்கொண்டு எழும்பித் தம்பையா வீட்டுக்குப் போனாள். தம்பையா தப்பு அடிக்கிறவர், மரணாதாரச் சங்கத்துக்குத் தலைவரும் அவரே. சங்கத்தின் செயலாளர் தயாபரன் அங்கேதான் இருந்தான். சங்கத்துக்கு ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு சட்டப் புத்தகமும் இருந்தன. இரண்டும் அவன் பையை விட்டு இறங்குவதில்லை. கொட்டகை, கதிரை, தப்பு, ஒரு நாள் எல்லாரும் வேலைக்குப் போகாமல் நிற்பது, எல்லாம் சங்கம் சொன்னால்தான் நடக்கும்.

ரெங்கம்மா வந்த விசயத்தைச் சொன்னாள். தம்பையா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். தயாபரன் புத்தகத்தைத் திறந்தான்.

"பெரியம்மா, குடும்ப அங்கத்தவர்னுதான் சட்டத்துல இருக்கு. மனுசரா இருக்கணும்னு எழுதல, அத ஒத்துக்கிறேன். ஆனா குடும்பமா இருக்கணுமே."

"எம் புருசன்கூட முப்பத்தொரு வருசம் இருந்தவ. அவ குடும்பம் இல்லன்னா நான் யாரு தம்பி?"

தயாபரன் புத்தகத்தில் அதற்குப் பதில் தேடினான். நாலு பக்கம் புரட்டியும் கிடைக்கவில்லை.

பிரேதம் இல்லாததைப் பற்றித் தம்பையா கவலைப்படவில்லை. போன வருடம் கட்டாரில் வேலைக்குப் போன இடத்தில் இறந்த பையனுக்கு மாணாப் புல்லில் உருவம் கட்டித்தான் செய்தார்கள். அதே மாதிரிச் செய்யலாம், புல் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். அவரை மடக்கியது வேறொன்று.

"பொம்பளப் பொணம், தங்கச்சி. பொறந்த வீட்டுக் கோடிச் சேல விழாம தூக்கக்கூடாது. அவளுக்குப் பொறந்த வீடு எது?"

ஆப்பிரிக்கா என்று தயாபரன் சொன்னான். அங்கே சொல்லியனுப்பி ஆள் வந்து சேருவதற்குள் சின்னராசா போய்விடுவார் என்பதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. வெளியே மழை பலமாகப் பிடித்தது. கூரைத் தகரம் இரைந்தது.

சத்தம் குறைந்ததும் ரெங்கம்மா சொன்னாள்: "நான் போடுறேன்."

"எந்த முறையில?"

"அக்கா முறையில."

தம்பையா யோசித்தார். "சரியாத்தான் வரும். அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் ஒருத்தனே கட்டுறது நம்ம சனத்துல இல்லாததில்ல."

தயாபரன் பதிவேட்டில் உறவுமுறை என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதி முத்திரை குத்தினான். மரணச் சான்றிதழ் பிறகாவது வரவேண்டும், கோப்பு வெறுமையாகக் கிடக்கக்கூடாது என்றான். ஸாஹிருக்குச் சொல்லி மிருக டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொல்வதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை விடிய ஆறு மணிக்குத் தப்பு விழுந்தது. பெரட்டுக் களத்தில் யாரும் இல்லை. வெளிக்கள உத்தியோகத்தர் கங்காணிக்குப் போன் எடுத்து, செத்தது யார் என்று கேட்டார். கங்காணி பொய் சொல்லாத ஆள். "சின்னராசா கூடக் கொழும்புல இருந்தவங்க ஐயா. நல்ல சர்வீஸ். ஒரு நாளும் லீவு போட்டதில்ல," என்றார். உத்தியோகத்தர் அனுதாபம் தெரிவித்தார்.

கொட்டகை வந்தது, கதிரை வந்தது. பொம்பளைகள் வந்து ரெங்கம்மாவைக் கட்டிக்கொண்டார்கள், ஆம்பிளைகள் சின்னராசாவின் கையைப் பிடித்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும், நாற்பத்திரண்டு வயசு, ஒரு நாள் படுக்கையில் கிடக்கவில்லை என்று சொன்னார். மாணாப் புல்லைச் சின்னராசா சொன்ன அளவுக்கே கட்டினார்கள். நீளம் பன்னிரண்டு அடி. அதைப் பாடையில் வைத்துத் திருப்பியபோது லயத்துக்கும் கழிவுநீர்க் கானுக்கும் இடையில் பாடை மாட்டிக்கொண்டது. பொதுக் கக்கூசின் கதவைக் கழற்றிக் கானுக்குக் குறுக்கே பாலம் போட்டார்கள். பாடைக்குப் பதினாறு பேர். புல் நனைந்து கனத்ததில் நாலு பேருக்குத் தோள் இறங்கிவிட்டது. அவர்களில் ஒருவருக்கு இன்றுவரை ஏறவில்லை.

தூக்குவதற்கு முன்னால் கோடிக்கு அழைத்தார்கள். ரெங்கம்மா உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ஒரு அரக்குச் சேலை இருந்தது, மடிப்புக் கலையாமல். மகள் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது. தான் செத்தால் மேலே போடச் சொல்லி வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஈரப் புல்லின் மேல் சேலையை விரித்தாள். பாதிக்கும் காணவில்லை. தலை என்று சொன்ன இடத்தில் குங்குமம் வைத்தாள்.

ஒப்பாரி வைக்கவேண்டியது அக்காதான். எல்லாரும் காத்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மழை புல்லில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவள் பாட்டுமாகாமல் பேச்சுமாகாமல் ஒரு குரலில் தொடங்கினாள்.

"முப்பத்தொரு தீவாளி, எண்ணெ வச்சுக் காத்திருந்தேன். நாலு நாளு எனக்குத் தந்தே, மிச்சமெல்லாம் நீ எடுத்தே. நா பெத்துக் கெடக்கையிலே ஒம் பல்லு வலிச்சதடி. நீ தின்ன புல்லு போல என் வயசு போச்சுதடி. எடுத்தது போதுமடி, தங்கச்சி. இந்த எலும்பையாச்சும் விட்டுட்டுப் போ."

அதற்குப் பிறகு சொல் வரவில்லை, அழுகைதான் வந்தது. மற்ற பொம்பளைகளுக்கும் அழுகை வந்தது. ஒவ்வொருத்திக்கும் கொழும்பிலோ கட்டாரிலோ எங்கோ ஒரு ஆள் இருந்தான். சின்னராசா கதிரையிலிருந்து எழும்பினார். தள்ளாடி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். பாடை தூக்கும்வரை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பாடையை அல்ல.

மலைச்சரிவில் குழி தோண்ட மத்தியானமாகிவிட்டது. எல்லாரும் பீலித் தண்ணியில் குளித்துவிட்டு வந்தார்கள். தம்பையா வீட்டிலிருந்து சோறும் பருப்பும் கத்தரிக்காயும் வந்தன. சின்னராசாவை உட்காரவைத்து, சாப்பிடு மச்சான் என்று தம்பையா அதட்டினார். ரெங்கம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். எல்லாரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பருப்புல உப்பு கூட," என்றார்.

பிறகு இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரெங்கம்மா உள்ளே போய் ஈரத் தலையோடு பாயில் சரிந்தாள். பகலில் அவள் படுத்ததை அந்த லயம் அன்றுதான் பார்த்தது.

மறுநாள் அவள் பெரட்டுக்குப் போனாள். பதினேழு கிலோ. ஐந்து மணிக்கு இறங்கி வரும்போது காம்பரா கூரையில் புகை தெரிந்தது. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தாள். மூன்று மணிக்கு அவர் பாறைக்கு ஏறவில்லை. அடுத்த நாளும் ஏறவில்லை. ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடம்வரைக்கும் நடந்து வந்து, அவளுடைய கூடையை வாங்கிக்கொண்டார். இருவரும் இறங்கி வந்தார்கள். பாதி வழியில், தாமரை ஒரு தடவை பஸ்ஸுக்கு நின்றாள் தெரியுமா என்று தொடங்கினார். தெரியும் என்றாள் ரெங்கம்மா. சொல்லுங்க என்றும் சொன்னாள்.

பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்த பிறகுதான் மிருக டாக்டரின் கடிதம் தபாலில் வந்தது. சிங்களத்தில் இருந்தது. தயாபரன் அதைச் சங்கத்துக் கோப்பில் வைக்கும் முன், சபை அறிய வரிவரியாகத் தமிழில் வாசித்தான்: இனம் நீர்யானை, வயது நாற்பத்திரண்டு, எடை இரண்டாயிரத்துப் பத்துக் கிலோ, மரணத்துக்குக் காரணம் முதுமை, பால் ஆண்.